கலிபோர்னியாவில் 2017இல் பெட்ரோல் வரியை உயர்த்தியபோது ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

சாலை, பாலங்களைப் பழுதுபார்க்க வந்த சட்டம் அது. கேலனுக்கு 12 சென்ட் கூடுதல் பெட்ரோல் வரி. அப்புறம் வண்டியின் மதிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 25 முதல் 175 டாலர் வரை புதிய கட்டணம்.

எதிர்ப்பில் எனக்கு மிக நியாயமாகப் படுவது ஒன்றுதான்: சுமை சமமாக விழவில்லை. வாடகை கட்டுப்படியாகாமல் நகரத்தை விட்டுத் தள்ளிக் குடியேறியவர்கள்தான் வேலைக்குத் தினமும் வெகுதூரம் ஓட்டுகிறார்கள். பேருந்தும் ரயிலும் சரியாக இல்லாத ஊரில் அவர்களுக்கு வேறு வழி ஏது? வசதியானவர் கட்டும் அதே 12 சென்ட் அவர்கள் வருமானத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடும்.

பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடுவார்கள் என்ற சந்தேகமும் இருந்தது. அதைத் தடுக்க 2018 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். அதே நாளில், வரிக்கு ஆதரவாக வாக்களித்த மாநில செனட்டர் ஜோஷ் நியூமன் திரும்ப அழைக்கும் தேர்தலில், அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே ஒருவரை நீக்க வாக்காளர்கள் நடத்தும் தேர்தலில், பதவியிழந்தார். கோபம் அந்த அளவுக்கு இருந்தது.

ஆனால் அந்த நவம்பரில் வரியை ரத்து செய்யக் கோரி மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 6ஆம் முன்மொழிவு தோற்றது. சுமார் 57 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். ரத்தானால் சாலைப் பணிகள் நின்றுவிடும் என்ற வாதம் எடுபட்டது. வரி நிலைத்தது.