இறக்கத்தில் பிரேக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஈரோட்டில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு வண்டி எடுத்துக்கொண்டு எங்காவது போய்வருவோம். சென்ற மாதம் கொல்லிமலை. என்னுடையது 350 சிசி, இரண்டு பக்கமும் டிஸ்க், வாங்கி நான்கு வருடம். பின்னால் மனைவி, பக்கவாட்டில் இரண்டு பை. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை.

மாலை இறங்கும்போது முன்னால் போகிறவர்களை விட்டுவிடக் கூடாதென்று மூன்றாவது கியரிலேயே வந்தேன். சில இடங்களில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலிலும் விட்டேன். இருபது இருபத்தைந்து வளைவு தாண்டியிருக்கும், பின் பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போய்விட்டது. முன் பிரேக் லீவர் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. கருகிய வாடை வேறு. வளைவில் அகலமாகப் போய், ஏறி வந்த பேருந்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரேக்கும் சரியாகிவிட்டன!

மெக்கானிக் பார்த்துவிட்டு, பேட் இருக்கிறது, கசிவு இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்கிறார். நண்பர்கள், பயந்து பயந்து ஓட்டினால் இப்படித்தான் என்கிறார்கள். மனைவி இனி மலைக்கே வரமாட்டேன் என்கிறாள். என்னதான் நடந்தது? நான் இந்தக் குழுவோடு தொடர்ந்து போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது ஆறிய பிரேக்கை. பிரேக் போனது சூட்டில்.

ஒரு சின்னக் கணக்கு. வண்டி 195 கிலோ, நீங்கள் இருவரும் 135, பைகள் 15 என்று வைத்தால் மொத்தம் 345 கிலோ. உச்சியிலிருந்து காரவள்ளி அடிவாரம் வரை ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கம். அத்தனை எடையும் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 11 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் காற்றில் போகும். நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட எல்லாமே தோசைக்கல் அகலத்தில் உள்ள இரண்டு மெல்லிய தட்டுகளுக்குத்தான் வந்து சேரும். அந்தப் பாதையின் 70 வளைவுக்கும் அவை ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது.

உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு கோளாறுகள் வந்திருக்கின்றன. நீங்கள் எழுதியிருப்பதிலேயே அது தெரிகிறது. முன் லீவர் இறுக்கமாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் சூடாகி உராய்வை இழந்திருக்கிறது. கருகிய வாடை அதனுடையது. பின் மிதி பஞ்சு போல இறங்கியது வேறு கதை. அங்கே பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பருக்குள் ஆவிக்குமிழ் உண்டானால் நீங்கள் மிதிப்பதெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும், பேட் நகராது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், மிதியும் பழையபடி நிற்கும். அதனால்தான் பட்டறையில் ஒன்றும் தென்படவில்லை.

நல்ல பிரேக் ஆயில் ஏன் கொதித்தது? நான்கு வருடத்தில் ஒருமுறையாவது மாற்றினீர்களா என்று கடிதத்தில் இல்லை. மாற்றவில்லை என்றே நினைக்கிறேன். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கவேண்டும் என்பது தர அளவு. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பின் பிரேக் ஆயில் டப்பாவில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். புதிய ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தால் தாமதிக்காதீர்கள்.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டப்பா மூடியில் என்ன டாட் எண் எழுதியிருக்கிறதோ அதே ஆயில், சீல் உடைக்காத புட்டி. முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்துக் கால் லிட்டர் போதும். மூடி திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த மிச்சத்தை ஊற்றவிடாதீர்கள். கேலிப்பரின் காற்று நீக்கும் நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு குப்பியில் விடவேண்டும். மிதியை இரண்டு மூன்று முறை மிதித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் திருகு திறந்து, ஆயில் வந்ததும் மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் மிதியை விடவேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். மேலே டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கினாலும் அப்படித்தான். டியூபில் குமிழ் இல்லாமல் புது நிறம் வரும்வரை இதைத் தொடரவேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் அதன் யூனிட்டுக்குள் இருக்கும் காற்றை எடுக்க சர்வீஸ் சென்டர் கருவி தேவைப்படும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட் இருக்கிறது என்று கனத்தை மட்டும் பார்த்துச் சொல்வது போதாது. கழற்றி முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை கருகிய பேட் கண்ணாடி மாதிரி மினுங்கும். அது இனி ஆறிய நிலையிலும் முழுசாகப் பிடிக்காது. மாற்றிவிடுவது நல்லது. கூடவே சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். செயினின் இழுவை கொஞ்சம் இருக்கும். ஆனால் பேட் உரசி, கனமாகச் சுற்றி உடனே நின்றால் கேலிப்பர் நழுவும் பின் (pin) இறுகியிருக்கிறது. அது மலைக்கு வருமுன்னே பிரேக்கைச் சுடவைத்துவிடும்.

இப்போது ஓட்டும் முறை. மூன்றாவது கியர் அந்த இறக்கத்துக்கு அதிகம். சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடுங்கள். பிரேக்கைத் தொடாமலே வண்டி வேகம் கூடிக்கொண்டே போனால் கியர் ஒன்று அதிகம் என்று பொருள். இரண்டு பேர் அமர்ந்த 350க்குக் கொல்லிமலை இறக்கத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான், சில முக்கு வளைவுகளில் முதல் கியர். வளைவுக்கு முன்பே, வண்டி சாயாமல் நேராகப் போகும்போதே கியரைக் குறைத்து, கிளட்சை முழுசாக விட்டுவிடுங்கள். பாதி பிடித்த கிளட்சில் வளைவெடுப்பது நியூட்ரலில் போவதற்குச் சமம். இன்ஜின் சத்தம் கூடுகிறதே என்று பயப்படவேண்டாம். ரெட் லைனுக்கு, அதாவது இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்புக்கு, கீழே இருக்கும்வரை அது இன்ஜினுக்குக் கெடுதல் செய்யாது. பெட்ரோல் கணக்கும் நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கும்போது பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காகக் குடித்துக்கொண்டிருக்கும்.

பிரேக்கை அழுத்தினால் நன்றாக அழுத்துங்கள், இரண்டையும் சேர்த்து, முன்னதைக் கூடுதலாக. வேகம் இறங்கியதும் முழுதாக விட்டுவிடுங்கள். இரண்டு விநாடி அழுத்தி ஐந்து விநாடி விட்டால் டிஸ்க் காற்றில் ஆறும். மென்மையாக, விடாமல் உரசிக்கொண்டே வந்தால் ஆறவே ஆறாது. பல பேருக்குத் தெரியாமலே வலது கால் மிதியின் மேல் கிடக்கும். உங்கள் பின்னால் வந்தவரைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் பிரேக் லைட் அணைந்து அணைந்து எரிந்ததா, எரிந்துகொண்டே இருந்ததா என்று. எரிந்துகொண்டே இருந்தது என்றால் விடை அங்கேயே இருக்கிறது. நண்பர்கள் சொன்ன பயம் இந்த அளவுக்கு உண்மைதான். பயந்த கால் மிதியை விடாது. ஆனால் அந்தப் பயம் வந்ததே அவர்களை விரட்டிப் பிடிக்கப் போனதால்தான். அதை அவர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

இன்னொரு முறை மிதி உள்ளே போனால்: ஆக்ஸிலேட்டரை மூடி, ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். மிதியையும் லீவரையும் வேகமாக, அடுத்தடுத்து அழுத்தி விடுங்கள். குமிழ் நசுங்கிக் கொஞ்சம் அழுத்தம் திரும்ப வரும். ஒதுங்கவேண்டி வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். நின்ற பிறகு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். அரை மணி நேரம் அதுவாகவே ஆறட்டும்.

பேருந்தைப் பற்றி. மலைச்சாலையில் இடம் குறைவான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழிவிடவேண்டும். சாலை விதியே அதுதான். கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்ப முழு அகலமும் தேவைப்படும். ஹார்ன் கேட்டாலே வளைவுக்கு மேலேயே நின்றுவிடுங்கள். உள்ளே நுழைந்துவிட்டு இடம் தேடக் கூடாது.

குழுவுக்கு வருகிறேன். எட்டு வண்டி ஒரே வரிசை என்பது மலையில் சரிப்படாது. ஒரு வளைவில் ஒவ்வொருவரும் முன்னவரைவிட 3 விநாடி தாமதித்தால் எட்டாவது ஆள் 21 விநாடி பின்தங்குவார். அடுத்த வளைவில் இன்னும் 21. முதல் ஆள் நிதானமாக 35இல் போனாலும் கடைசி ஆள் 50இல் விரட்டவேண்டி வரும். நீங்கள் மாட்டிக்கொண்டது ரப்பர் பேண்ட் போல இழுபடும் இந்த வரிசையில்தான். நாலு நாலாகப் பிரிந்து, இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு நாலிலும் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியும் புதியவரும் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருக்கவேண்டும். அனுபவமுள்ளவர் கடைசி. நெடுஞ்சாலையில் இடமும் வலமுமாக மாறிமாறிப் போவதை மலையேறியதும் விட்டுவிட்டு, ஒற்றை வரிசையில் குறைந்தது 3 விநாடி இடைவெளியோடு போகவேண்டும். 36 கிலோமீட்டர் வேகத்தில் அது 30 மீட்டர். யாரும் யாரையும் முந்தக் கூடாது. பிரியும் சாலை வந்தால் இரண்டாவது ஆள் அங்கே நின்று, கடைசி ஆள் கண்ணில் படும்வரை காத்திருந்து வழிகாட்டவேண்டும். எங்கே சேருவது என்பதைக் கிளம்பும்போதே பேசிவையுங்கள். மலைமேல் சோளக்காடு ஊரில் ஒரு தேநீர், அடுத்தது அடிவாரத்தில் காரவள்ளி. யாரும் தொலைந்துவிட மாட்டார்கள் என்று தெரிந்தால் விரட்டவேண்டிய தேவையே இராது.

இதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டால் தாராளமாகத் தொடருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் குழுவோடு சமவெளிக்கு மட்டும் போங்கள்.

உங்கள் மனைவி பயந்தது முழுக்க நியாயம். இறக்கத்தில் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவரின் எடை உங்கள் முதுகில் சரிந்து, உங்கள் கைகளை ஹேண்டில்பாரில் அழுத்தும். வளைவில் வண்டி அகலமாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அவர் ஒரு கையால் பின் கம்பியைப் பிடித்து, முழங்கால்களால் உங்கள் இடுப்பை அணைத்து உட்கார்ந்தால் இருவருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த முறை அவரைக் கூப்பிடும் முன் தனியாக ஏற்காடு போய்வாருங்கள். சேலத்திலிருந்து ஏறும் வழியில் 20 வளைவுதான். இரண்டாவது கியரில், கால் மிதியை விட்டு விலகியிருக்க, இறங்கிப் பாருங்கள். அடிவாரத்தில் நிறுத்தியதும் டிஸ்க்கைத் தொடாமல் உள்ளங்கையைப் பக்கத்தில் காட்டுங்கள். முன் டிஸ்க்கில் அனல் அடித்து, பின்னது அதைவிடக் குறைவாக இருந்தால் அவரைக் கூட்டிச் செல்லலாம். பின்னதுதான் தகிக்கிறது என்றால் கால் இன்னும் மிதியில்தான் இருக்கிறது. இன்னொரு முறை ஏறி இறங்குங்கள்.