இரு பக்கமும் ஆடியவரைக் கார்னராக எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்து குறித்து இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் டிராவிஸ் ஹன்டர் என்ற ஒரே ஆட்டக்காரரைச் சுற்றியே அமைந்திருந்ததால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் கொலராடோ பல்கலைக்கழக அணியின் தீவிர ரசிகன். 2025 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்தவர்களில் அந்த அணியின் ஹன்டர்தான் மிகச் சிறந்த கார்னர்பேக் என்று சாதிக்கிறான். அவர் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும் ஆடியவர் ஆயிற்றே, அந்தப் புகழும் சேர்ந்துதான் இவரைப் பெரிய கார்னர்பேக்காகக் காட்டுகிறதோ என்பது என் சந்தேகம். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். பிரித்துப் பார்க்கவும் முடியும், ஆனால் முழுவதுமாகப் பிரித்துவிட்டால் வேறொரு தவறு நேர்ந்துவிடும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிரணி ரிசீவருக்கு எதிரே களத்தின் ஓரமாக நின்று, அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது தெரியாமலேயே, பாதி நேரம் பின்னோக்கி ஓடியபடி அவரைத் தொடர்ந்து, குவார்ட்டர்பேக் எறியும் பந்து அவர் கைக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்பவரே கார்னர்பேக். கபடியில் நாம் சொல்லும் கார்னர் வேறு. அங்கே பிடிப்பது வேலை, இங்கே பிடிக்கவிடாமல் செய்வது வேலை.

2024இல் ஹன்டர் ரிசீவராக 96 முறை பந்தைப் பிடித்து, 1,258 யார்டு கடந்து, 15 டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைப் பந்தோடு கடப்பது) எடுத்தார். தடுப்பாட்டத்தில் அவர் இடைமறித்துப் பிடித்தவை 4. கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான அந்த ஆண்டின் ஹைஸ்மன் கோப்பையோடு, சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னரிக் விருதும் அவருக்கே கிடைத்தன. இந்த இரண்டையும் ஒருவரே பெற்றது அதுவே முதல் முறை. கார்னர்பேக்காக அவரை எடைபோட உட்காருபவர் முதலில் அந்த 15 டச்டவுன்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, தடுப்பாட்டக் காட்சிகளை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், நான்கு இடைமறிப்பு என்பது தனியாக நின்று மலைக்க வைக்கும் எண் அல்ல என்பது புரியும். அந்த எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், குவார்ட்டர்பேக்குகள் அவர் நின்ற பக்கம் எறிவதையே குறைத்துக்கொண்டார்கள் என்பது. கார்னர்பேக்கின் கணக்கேட்டில் வராத வரவு அது.

காட்சிகளில் முதலில் கண்ணில் படுவது, பந்து காற்றில் இருக்கும்போது அவர் நடந்துகொள்ளும் விதம். 2023 செப்டம்பர் 2 அன்று ஃபோர்ட் வொர்த்தில் டி.சி.யு. (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக) அணிக்கு எதிரான ஆட்டத்தை உதாரணமாகச் சொல்லலாம். கோல் கோட்டுக்கு அருகே எறியப்பட்ட பந்தின் மீது ரிசீவருக்கு முன்னால் உடம்பை முழுவதும் நீட்டிப் பாய்ந்து, அது தரையைத் தொடும் முன் இரு கைகளாலும் அள்ளிக்கொண்டார். தேர்ந்த கார்னர்பேக் பலரும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். வந்து சேர்ந்து பந்தைத் தட்டிவிட்டிருப்பார்கள். ஹன்டருக்கோ அது தட்டிவிட வேண்டிய பந்தாகவே தோன்றவில்லை, தமக்கே எறியப்பட்ட பந்தாகத் தோன்றியது. அதே நாளில் ரிசீவராக 11 முறை பிடித்து 119 யார்டு எடுத்திருந்தார் என்பதையும், கொலராடோ 45-42 என்று வென்றது என்பதையும் சேர்த்துப் படித்தால், ரிசீவர் கணக்கை முழுவதும் கழித்துவிடக் கூடாது என்று நான் சொல்வதன் காரணம் விளங்கும். ரிசீவரின் கை எந்தக் கணத்தில் மேலே எழும், கண் எந்தக் கணத்தில் விரியும் என்பது அந்த வேலையைத் தானே செய்து பார்த்தவருக்குத்தான் உடம்போடு ஊறியிருக்கும்.

இனிக் குறைகள். ரிசீவருக்கு நேர் எதிரே மூக்கோடு மூக்காக நின்று, முதல் இரண்டு மூன்று அடிகளிலேயே மார்பில் கைவைத்து அவருடைய ஓட்டத்தைக் குலைக்கும் வேலையை அவரிடம் குறைவாகவே பார்க்கிறோம். சற்று விலகி நின்று, குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்து, ஊகித்துப் பாய்வதே அவருக்குப் பிடித்த முறை. ஊகம் பலித்தால் அபாரம், தப்பினால் பின்னால் யாரும் இல்லை. எதிரணி பந்தை எறியாமல் கையில் கொண்டு ஓடி வரும்போது அவர் எல்லா முறையும் ஒரே முனைப்போடு வந்து மோதுவதில்லை. ஒரே ஆட்டத்தில் நூறு முறைக்கும் மேல் களத்தில் நிற்பவர் எங்கேயாவது மூச்சைச் சேமித்துத்தானே ஆக வேண்டும்? மனம் வைத்தால் மோதத் தெரியாதவரும் அல்ல. 2024 செப்டம்பரில் பெய்லர் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், கோல் கோட்டை எட்டவிருந்த ஓட்டக்காரரின் கையிலிருந்து பந்தைச் சிதறடித்து ஆட்டத்தையே முடித்து வைத்தவர் அவர்தான்.

இந்தக் குறைகள் கல்லூரி ஆட்டத்தில் வெளியே தெரியாமல் போவதற்கு விதிகளும் ஒரு காரணம். கல்லூரியில் பந்து எறியப்படும் வரை ரிசீவரின் மேல் கை வைக்க ஓரளவு இடம் உண்டு. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஐந்து யார்டுக்கு அப்பால் தொட்டால் தண்டனை. பந்தைப் பிடிக்கவிடாமல் இடித்தால் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டுதான் போகும், என்.எஃப்.எல்.லில் தவறு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும், அது 40 யார்டு தள்ளியிருந்தாலும் சரி. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. களத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆனால் பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் உள் கோடுகளுக்கிடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. ஆகவே கல்லூரியில் ஒரு கோட்டிலிருந்து எதிர் ஓரத்துக்கு 100 அடி தூரம் இருக்கும்; தொழில்முறைக் களத்தில் அது ஏறக்குறைய 89 அடிதான். அந்தத் தூர ஓரத்துக்கு எறியப்படும் பந்து கல்லூரிக் களத்தில் இன்னும் சிறிது நேரம் காற்றில் இருக்கும், அந்தச் சிறிது நேரம்தான் ஊகித்துப் பாய்பவருக்கு உயிர். அது குறையும்போது, கண்ணால் செய்ததைக் காலால் செய்ய வேண்டிவரும்.

உங்கள் மகனிடம் என் சார்பில் சொல்லுங்கள்: 2025 டிராஃப்டில் கைத்திறனிலும் பந்தைப் படிப்பதிலும் ஹன்டருக்கு இணையான கார்னர்பேக் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கால்வேலையில் அவர் இன்னும் மாணவரே.

கேள்வி: உயரம், எடை, 40 யார்டு ஓட்ட நேரம்? (வாசகர், சென்னை)

பதில்: ஆறடிக்குச் சற்று மேல், 188 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 85 கிலோ. 40 யார்டு ஓட்டத்தை அவர் ஓடிக் காட்டவில்லை, தேர்வாளர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த நேரத்தைவிட எடைதான் முக்கியமாகப் படுகிறது. கல்லூரியில் 12, 13 ஆட்டங்கள் தாங்கிய உடம்பு, 17 ஆட்டங்களில் இன்னும் பருமனானவர்களின் மோதலைத் தாங்க வேண்டும்.

கேள்வி: 2025 அக்டோபரில் வெம்ப்ளியில் அவருடைய ஆட்டத்தை நேரில் பார்த்தேன். முழுக்க முழுக்க ரிசீவராகவே தெரிந்தார். கார்னர்பேக்காகத் தேறமாட்டார் என்று அணியே முடிவு செய்துவிட்டதா? (வாசகி, லண்டன்)

பதில்: நீங்கள் பார்த்த ஆட்டம் அக்டோபர் 19 அன்று ராம்ஸ் அணியிடம் ஹன்டரின் அணியான ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் 35-7 என்று தோற்றது. ஹன்டர் 8 முறை பிடித்து 101 யார்டு எடுத்தார், என்.எஃப்.எல்.லில் அவருடைய முதல் டச்டவுனும் அன்றுதான் வந்தது. அந்த மாத இறுதியில் பயிற்சியின்போது முழங்காலில் அடிபட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டதால், அவருடைய முதல் பருவம் ஏழு ஆட்டங்களோடு நின்றுபோனது. அந்த ஏழிலும் தாக்குதல் பக்கமே அவரை அதிகம் பயன்படுத்தினார்கள். ஓர் இடைமறிப்புகூட இல்லை.

ஆனால் இதிலிருந்து அவர் தேறமாட்டார் என்ற முடிவுக்கு வரத் தேவையில்லை. ஹன்டரை எடுக்க டிராஃப்டின் இரண்டாவது தேர்வுரிமையைக் கிளீவ்லாந்து அணியிடமிருந்து பெறுவதற்காக, தம்முடைய ஐந்தாவது தேர்வோடு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் 2026இன் முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்த அணி அது. அவ்வளவு விலை கொடுத்தவர்கள் ஒரு பாதியை மட்டும் வாங்க நினைத்திருக்க மாட்டார்கள்.

சிக்கல் திறமையில் இல்லை, வாரத்தின் மணிக்கணக்கில் இருக்கிறது. தொழில்முறை அணியில் தாக்குதல் பிரிவும் தடுப்புப் பிரிவும் ஒரே நேரத்தில் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து பாடம் கேட்கும். ஒருவர் இரண்டு அறையிலும் இருக்க முடியாது. ரிசீவர் ஓர் ஓட்டப் பாதையைத் தவறாக ஓடினால் பெரும்பாலும் அந்த ஒரு முயற்சி வீணாகும். கார்னர்பேக்கோ, தமக்குப் பின்னால் நிற்கும் சேஃப்டி என்ற தடுப்பாட்டக்காரர் கை அசைத்துச் சொன்ன மாற்றத்தைக் கவனிக்கத் தவறினால், ஒரு ரிசீவர் யாருமே துணைக்கு வராமல் தனியாகக் கோல் கோடு வரை ஓடிவிடுவார். அந்தச் சைகை மொழி சேர்ந்தே இருந்து பழகிப் பழகித்தான் வரும். முதல் ஆண்டில் பயிற்சியாளர்கள் ஆபத்துக் குறைந்த பக்கத்தில் அவரை அதிகம் நிறுத்தியதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: இதற்கு முன் இப்படி இரு பக்கமும் ஆடியவர்கள் தொழில்முறைக்கு வந்து என்ன ஆனார்கள்? (வாசகர், டொராண்டோ)

பதில்: மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் வுட்சன் 1997இல் ஹைஸ்மன் வென்றவர், தடுப்பாட்டக்காரராக இருந்தும் இடையிடையே ரிசீவராகவும் இறங்கினார். 1998 டிராஃப்டில் நான்காவதாகத் தேர்வாகி, 65 இடைமறிப்புகளோடு ஓய்வு பெற்றார். ஜார்ஜியாவின் சாம்ப் பெய்லி 1998இல் கார்னர்பேக்காக ஆடிக்கொண்டே 47 முறை பிடித்து 744 யார்டு எடுத்தார், என்.எஃப்.எல்.லில் 52 இடைமறிப்பு, 12 முறை புரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து 2004இல் 28ஆவதாகத் தேர்வான கிறிஸ் கேம்பிளும் இதே வழியில் வந்தவர். மூவரும் தொழில்முறையில் பிழைப்பைத் தேடிக்கொண்டது தடுப்பாட்டத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். ஹன்டரின் கல்லூரிப் பயிற்சியாளரான டியான் சாண்டர்ஸ் 1996இல் டல்லஸ் அணிக்காக 36 முறை பந்தைப் பிடித்தார். அவரையும் இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது கார்னர்பேக்காகத்தான்.

ஹன்டர் பெற்ற விருதுக்குப் பெயர் தந்த சக் பெட்னரிக் 1960இல் ஃபிலடெல்ஃபியா அணிக்காக இரு பக்கமும் ஆடியவர் என்பது பொருத்தமான தற்செயல். ஆனால் வரம்பின்றி ஆட்களை மாற்றலாம் என்ற விதி என்.எஃப்.எல்.லில் 1950இலேயே நிலைபெற்றுவிட்டது. பெட்னரிக் அப்போதே பழைய காலத்தின் மிச்சமாகத்தான் பார்க்கப்பட்டார்.

கேள்வி: ரிசீவர்களுக்குத்தானே சம்பளம் அதிகம்? அப்படியிருக்க, கார்னர்பேக்காக இருக்கும்படி நீங்கள் அவருக்கு அறிவுரை சொல்வீர்களா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: சம்பளக் கணக்கு நீங்கள் சொல்வதுதான். 2025 மார்ச்சில் ரிசீவர் ஜமார் சேஸ் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் கார்னர்பேக் சாஸ் கார்டனர் பெற்றது ஏறக்குறைய 3 கோடி. ஹன்டரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடியே 66 லட்சம் டாலர், அது எந்த இடத்தில் ஆடினாலும் மாறாது. வேறுபாடு இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் வரும்.

அணியின் இடத்திலிருந்து கேட்டால், அவரை முழுநேரக் கார்னர்பேக்காக வைத்து, தாக்குதலுக்கு ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் இறக்குவேன். கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கும் வேலைக்கே வாரத்தின் முதல் பங்கைக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு பெரிய காரணம் இல்லை. ரிசீவர் வேலை அவருக்குப் பாதித் தூக்கத்திலும் வரும். கவலை முழங்காலைப் பற்றித்தான். அறுவை சிகிச்சை நடந்தது முழங்காலின் வெளிப்பக்க இணைப்புநாரில். பின்னோக்கி ஓடுபவர் சட்டென்று இடுப்பைத் திருப்பி முன்னோக்கிப் பாயும் கணத்தில் பளு முழுவதும் முழங்காலில் விழும், கார்னர்பேக்கின் அன்றாட வேலையே அதுதான். அவர் களத்துக்குத் திரும்பும் ஆட்டத்தில் நான் பந்தைப் பார்க்கப் போவதில்லை. மூன்றாவது முயற்சியில் எதிரணிக்குப் பத்து யார்டு தேவைப்படும்போது அவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார், திரும்பும்போது அந்த இடது காலோ வலது காலோ தயங்குகிறதா என்பதைத்தான் பார்ப்பேன்.