சுருக்கம் விழுந்த இமை, மடிந்து இறங்கிய இமை: ஐலைனர் கேள்வி பதில்

கேள்வி (57 வயது): கண்ணை மூடிப் போடும்போது கோடு நேராகத்தான் இருக்கிறது. திறந்தால் பாதி காணாமல் போகிறது, மீதி பல்லுப் பல்லாகத் தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டு இடத்தில். கண்ணை மூடினால் இமைத்தோல் விரிந்து கொடுக்கும், திறந்ததும் மடிப்புக்குள் போய்விடும். அதனால் மூடிய கண்ணில் தெரிகிற இடம் முழுவதையும் நம்பி வரையக் கூடாது. இன்னொன்று, கடைக்கண்ணை விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்திருப்பீர்கள். இழுத்த தோலில் விழுந்த நேர்கோடு, விரலை எடுத்ததும் சுருக்கத்தோடு சேர்ந்து மடங்கும். அதுதான் அந்தப் பல்.

முகம் பார்க்கும் கண்ணாடியை மேசைமேல், மோவாய்க்கும் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். தலையைக் குனியாமல் பார்வையை மட்டும் இறக்கினால் இமை தானாக முக்கால்வாசி மூடும், தோலும் இழுபடாது. அப்படியும் மடிப்பு மறைத்தால், புருவத்தின் நடுவில் ஒரு விரல் வைத்து மேல்நோக்கி லேசாகத் தூக்குங்கள். பக்கவாட்டில் இழுக்கவே வேண்டாம். இனி கோடு இழுக்காமல், இமை முடியின் வேர்களுக்கு இடையில் பென்சில் முனையை ஒற்றி ஒற்றிப் புள்ளி வையுங்கள். வெளி ஓரத்திலிருந்து தொடங்கி மூக்குப் பக்கம் வாருங்கள். நாலைந்து புள்ளிக்கு ஒருமுறை நிமிர்ந்து, நேராகப் பார்த்து, எவ்வளவு தெரிகிறது என்று சரிபாருங்கள். அகலம் 1 மி.மீ. போதும். மூக்கை ஒட்டிய கால் பகுதியில் அதுவும் வேண்டாம், வேர்களுக்கு இடையே நிறம் இருந்தாலே போதும்.

கேள்வி: பேனா மாதிரி வரும் லிக்விட் லைனர் என் பெண்ணுக்கு அழகாக நிற்கிறது. எனக்குப் போட்ட உடனே ஓரமெல்லாம் கசிகிறது. விலை உயர்ந்ததாக வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. வயது ஏற ஏற அதில் நுண்சுருக்கங்கள் விழுகின்றன. நீர்த்த மை அந்தச் சுருக்கங்கள் வழியே ஓடிப் பரவும். மேட்டில் படாமல் விட்டும் போகும். எந்த விலையிலும் இதுதான் நடக்கும்.

உங்களுக்கு ஏற்றது மிருதுவாக எழுதி, அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் இறுகிவிடும் ஜெல் பென்சில். வாங்கும்போது புறங்கையில் அழுத்தாமல் எழுதிப் பாருங்கள். தோலை இழுத்தால் வேண்டாம். அதைவிடப் பொறுமையாக வேலை செய்யத் தோதானது, அடர்நிற ஐ ஷேடோ பவுடரும் சாய்வாக வெட்டிய சிறு பிரஷும். பிரஷை ஈரப்படுத்தி, டிஷ்யூவில் ஒற்றி, பவுடரைத் தொட்டு, முடி வேரில் பதியுங்கள். பவுடரின் ஓரம் மங்கலாகவே நிற்பதால் சுருக்கத்தில் கோடு உடைந்தாலும் கண்ணுக்குப் படாது. சுருங்கிய இமைக்குக் கத்தி போன்ற கூரிய கோட்டைவிட மங்கிய கோடுதான் எப்போதும் அழகு.

கேள்வி (சென்னை): வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் மேல் மடிப்பில் கறுப்பாக அச்சு விழுகிறது.

பதில்: வாட்டர்ப்ரூஃப் என்றால் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். உங்கள் கோட்டைக் கரைப்பது தோலின் எண்ணெய். இறங்கிய மேல்தோல் ஒவ்வொரு இமைப்பிலும் கோட்டின்மேல் உட்கார்ந்து எழுகிறது. அதில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து மையை இளக்கி மேலே ஏற்றுகின்றன. எனவே இரண்டு பரப்பையும் உலர்த்த வேண்டும். பெரும்பாலோர் கீழே இருக்கும் இமையை மட்டும் கவனித்து, அதைத் தொடும் மேல் மடிப்பை விட்டுவிடுகிறார்கள்.

ஐ கிரீம் போடுபவர் என்றால் கால் மணி நேரம் முன்பே போட்டு, மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அரை அரிசி அளவு ஐ ப்ரைமர் (மேக்கப் பிடித்து நிற்க முதலில் பூசும் அடிப்பூச்சு) ஒரு கண்ணுக்குப் போதும். அதை இமையிலிருந்து மடிப்பையும் தாண்டிப் புருவ எலும்பு வரை விரலால் தட்டிப் பரப்புங்கள். அதிகம் போட்டால் ப்ரைமரே சுருக்கத்தில் திரளும். ஒரு நிமிடம் விட்டு, நிறமில்லாத பவுடரைச் சிறு பிரஷால் மிக மெல்லியதாக ஒற்றுங்கள். பிறகு பென்சில், பென்சில் இறுகியதும் அதன்மேல் அதே நிற ஐ ஷேடோ. கடைசியில் புருவத்தைத் தூக்கி, மடிப்பின் அடிப்பக்கத்தில் இன்னொரு முறை பவுடர். எல்லாம் காயும்வரை அரை நிமிடம் மேலே பார்க்காதீர்கள்.

கேள்வி: வயதானால் கறுப்பை விட்டு பிரவுனுக்கு மாற வேண்டும் என்கிறார்களே?

பதில்: வெளிறிய தோலும் இளநிற இமை முடியும் உள்ளவர்களுக்குச் சொன்ன அறிவுரை அது. மாநிறத்திலும் கறுப்பிலும் சாதாரண பிரவுன் தோலோடு கலந்து மறையும், சில நேரம் கண் களைத்தது போலவும் காட்டும். கறுப்புக்கு மிக நெருங்கிய காப்பிக் கொட்டை நிறம், கரி நிறம், அடர் நீலம், கத்தரிக்காய் நிறம் இவற்றில் ஒன்றை எடுங்கள். மினுக்குத் துகள் உள்ளவை வேண்டாம், ஒவ்வொரு சுருக்கத்தையும் அவை எடுத்துக் காட்டும். மேல் இமைக்குக் கறுப்பே பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடலாம். கீழ் இமையில்தான் யோசிக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால், கீழ்க் கோட்டின் கறுப்பு அதோடு சேர்ந்துகொள்ளும். வெளி மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் மங்கலாகப் பவுடர் வைத்தால் போதும்.

கேள்வி: வீட்டில் விளக்கெண்ணெய் தீபத்தில் பிடித்த மைதான் எப்போதும் போடுவேன். இப்போது கன்னம்வரை இறங்குகிறது.

பதில்: அந்த மை புகைக்கரியும் நெய்யும் அல்லது எண்ணெயும். அது இறுகவே இறுகாது. இமை இறுக்கமாக இருந்த வயதில் இடத்தில் நின்றது, இப்போது மடிப்பு அதைத் தள்ளுகிறது. இமையின் உள்விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் உலராமல் காப்பது அவற்றின் எண்ணெய்தான். அங்கே மையை அப்பினால் அது கண்ணீரில் கலக்கும், வாய்களும் அடைபடலாம். கண் வறட்சியோ உறுத்தலோ உள்ளவர்கள் உள்விளிம்பை விட்டு, முடி வேரின் வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள்.

கடையில் சுர்மா என்று விற்பதில் ஈய சல்ஃபைடு இருக்கலாம். ஈயம் என்பதால்தான் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கே கோல் (kohl) எனும் சுர்மா வகை மைகளை அனுமதிப்பதில்லை. உள்ளடக்கப் பட்டியல் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி (61 வயது): மகன் கல்யாணம். விடியற்காலை 4 மணிக்கு மேக்கப், மதியம் வரை நிற்க வேண்டும். ஹோமப் புகையில் கண் கலங்கும், தாலி கட்டும்போது அழுகையும் வரும்.

பதில்: மேலே சொன்ன ப்ரைமர், பென்சில், பவுடர் அடுக்கு உங்களுக்கும் அதேதான். கூடுதலாக, கீழ் இமையில் பென்சிலும் வேண்டாம் மஸ்காராவும் வேண்டாம். கண்ணீர் வழிவது அங்கேதான். மேல் முடிக்கு, வெந்நீரில் குழாய் குழாயாகக் கழன்று வரும் டியூபிங் மஸ்காரா வாங்குங்கள், அது எண்ணெய்க்கு இளகாது. கைக்குட்டையால் துடைக்காதீர்கள். டிஷ்யூவை முக்கோணமாக மடித்து, முனையைக் கண்ணின் உள்மூலையில் வைத்தால் கண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேக்கப் செய்பவர் கண்ணை மூடச் சொல்லியே வரைந்தால், திறந்து நேராகப் பார்த்தபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒத்திகை ஒரு நாள் முன்பே நடந்தால் நல்லது.

கேள்வி: கோட்டைக் கடைக்கண்ணுக்கு வெளியே நீட்டி வால் வைத்தால் மடிப்பில் உடைந்து விடுகிறது. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். புருவத்தைத் தூக்காமல், முகத்தைத் தளர்த்தி, நேராகப் பாருங்கள். கீழ் இமைக் கோடு தொடர்ந்தால் எந்தச் சாய்வில் போகுமோ, அந்தச் சாய்வில் கடைக்கண்ணுக்கு வெளியே ஒரு புள்ளி. 4, 5 மி.மீ. நீளம் போதும். அந்தப் புள்ளியிலிருந்து மடிப்பின் மேலாகவே உள்ளே கோடு இழுத்து இமைக் கோட்டோடு சேருங்கள். கண்ணை மூடினால் நடுவில் ஒரு படி விழுந்தது போல இருக்கும். அதை நிரப்பிவிடுங்கள். திறந்தால் நேராக நிற்கும். மடிப்பு கடைக்கண்ணையே மூடிவிடும் அளவு இறங்கியிருந்தால் கூரிய வால் நிற்காது. அவர்கள் வெளி ஓரத்தில் பவுடரை மேல்நோக்கித் தேய்த்து மங்க விடுவதே சரி.

கேள்வி: கை நடுங்குகிறது. கண்ணாடி கழற்றினால் எதுவும் தெரியவும் இல்லை.

பதில்: முழங்கையை மேசையில் ஊன்றுங்கள், சுண்டு விரலைக் கன்னத்தில் பதியுங்கள். ஐந்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வாங்குங்கள். மேக்கப்புக்கென்றே ஒரு பக்க லென்ஸ் மட்டும் மடங்கும் மூக்குக் கண்ணாடியும் கிடைக்கிறது, ஒரு கண்ணால் பார்த்தபடி மறு கண்ணுக்குப் போடலாம். பிசகினால் உடனே துடைக்காதீர்கள், காய விட்டு, மைசெல்லர் வாட்டரில் (மேக்கப்பைக் கரைத்தெடுக்கும் நீர்) தோய்த்துப் பிழிந்த பட்ஸால் எடுங்கள்.

கேள்வி: கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, க்ளாக்கோமா சொட்டு மருந்தும் விடுகிறேன்.

பதில்: ஆபரேஷனுக்குப் பின் டாக்டர் அனுமதிக்கும்வரை கண்ணில் எதுவும் கூடாது. தொடங்கும்போது புதிதாக வாங்கித் தொடங்குங்கள். மெட்ராஸ் ஐ வந்து போனவர்களுக்கும் இதே விதி, பழையதைத் தூக்கிப் போட வேண்டும். சொட்டு மருந்தை முதலில் விட்டு, வழிந்ததை ஒற்றி, பத்து பதினைந்து நிமிடம் கழித்து மேக்கப். லேட்டனோபிராஸ்ட் போன்ற க்ளாக்கோமா சொட்டு மருந்துகளில் இமை கறுத்து முடி நீளும். அப்படி ஆனவர்களுக்கு லைனர் குறைவாகவே தேவைப்படும்.

கேள்வி: இரவில் எடுப்பதற்கே இமை சிவந்து போகிறது.

பதில்: தேய்ப்பதால்தான். இரண்டு அடுக்காக நிற்கும் எண்ணெய் கலந்த ரிமூவரைக் குலுக்கி, பஞ்சில் நனைத்து, மூடிய இமைமேல் அரை நிமிடம் வையுங்கள். பிறகு கீழ்நோக்கி ஒரே இழுப்பு. வேரில் மிச்சம் இருந்தால் பட்ஸ்.

கேள்வி: வலது இமை மட்டும் இரண்டு நாளாக அதிகம் இறங்கியிருக்கிறது. இரண்டையும் சமமாகக் காட்ட எப்படி வரைவது?

பதில்: வருடக்கணக்காக இருக்கும் வித்தியாசம் என்றால், இறங்கிய கண்ணை முதலில் வரைந்து, அதில் எவ்வளவு தெரிகிறதோ அந்த அளவுக்கு மற்றதை வரையச் சொல்வேன். உங்களுடையது இரண்டு நாள் விஷயம். ஐலைனரை எடுத்து வைத்துவிட்டு இன்றே கண் டாக்டரைப் பாருங்கள். கூடவே தலைவலி, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, கண்மணி ஒரு பக்கம் பெரிதாக இருப்பது, வாய் கோணுவது, கை கால் மரத்துப் போவது இவற்றில் ஏதாவது இருந்தால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.