ஹாலில் ஒரு சப்வூஃபர் (பேஸ் எனப்படும் அடி ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) இருக்கிறது. சோபாவில் பேஸ் காதை அடைக்கிறது, நடு ஹாலில் காணவே காணோம். இன்னொன்று வாங்கினால் சரியாகுமா? எங்கே வைப்பது?

சரியாகும். ஆனால் டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அழகு பார்த்து வைத்தால் ஆகாது. நான் அப்படித்தான் வைத்தேன். சோபாவில் முன்பு "தும்" என்று கேட்டது "தும்ம்ம்" என்று நீண்டதுதான் மிச்சம். "ஏங்க, ஷோகேஸ் கண்ணாடி உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்று வீட்டம்மா எச்சரித்த பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

என் ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம். ஒலியின் வேகத்தை (நொடிக்குச் சுமார் 343 மீட்டர்) நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 35 ஹெர்ட்ஸ் வருகிறது. அகலத்துக்கு 47. இந்த அதிர்வெண்களில் ஒலி இரு சுவர்களுக்கு நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடும். சுவர் ஓரத்தில் அழுத்தம் உச்சம், அறையின் நடுவில் பூஜ்யம். சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போட்டால் 35 ஹெர்ட்ஸ் தலையில் இறங்குவதும், நடு ஹாலில் நின்றால் பேஸ் மாயமாவதும் இதனால்தான். சப்வூஃபர் மேல் பழி போடாதீர்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் இதை இவ்வளவு பெரிய பிரச்சினையாகச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். பேஸில் ஒரு பங்கு அவற்றில் ஊடுருவி வெளியே போய்விடும். நமக்கோ செங்கல் சுவர், கான்கிரீட் தளம். உள்ளே போன பேஸ் உள்ளேயேதான் சுற்றும்.

ஊஞ்சலை நிறுத்த என்ன செய்வோம்? இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் ஒரே பலத்தில் தள்ளினால் அது அசையாது. முன்சுவரின் மையத்தில் ஒரு சப், பின்சுவரின் மையத்தில் இன்னொன்று வைப்பதன் தத்துவம் அவ்வளவுதான். நீளவாட்டு 35 ஹெர்ட்ஸ் ஆட்டம் இரு பக்கத் தள்ளலில் அடங்கிவிடும். இரண்டும் அகலத்தின் நடுவில் இருப்பதால் 47 ஹெர்ட்ஸ் ஆட்டம் தொடங்கவே தொடங்காது. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹர்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் இதை முறையாக ஆராய்ந்தார். செவ்வக அறைக்கு எதிரெதிர் சுவர் மையங்களில் இரண்டு வைத்தாலே, நான்கு வைப்பதில் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி வந்துவிடும் என்பது அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். இரண்டாவதைச் சோபாவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து ரிசீவரின் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஆட்டோ கேலிபரேஷனை, அதாவது மைக் வைத்துத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும் வசதியை, ஓட்டினேன். பழைய தும்ம்ம் அப்படியே திரும்பி வந்தது! ரிசீவர் இரண்டையும் தனித்தனியாக அளந்து, "பின்னால் இருப்பது காதுக்குப் பக்கம்" என்று அதைச் சுமார் 10 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தியிருந்தது. 35 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலைக்கே 28 மில்லிசெகண்ட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு பிந்தித் தள்ளினால் ஊஞ்சல் எப்படி நிற்கும்? ரிசீவரின் சப் அவுட் ஒன்றிலிருந்து ஒய் கேபிள் (ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கேபிள்) போட்டு இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்தேன். அடங்கியது. ஆகவே ஒரே மாடல், எதிரெதிர் மையம் என்று சமச்சீராக வைக்க முடிந்தால் இரண்டையும் ஒரே சப்பாகவே நடத்துங்கள். கெயின் (ஒலி அளவு), ஃபேஸ் (அலை எழும் நேரம்) ஆகியவை இரண்டு சப்பிலும் ஒன்றுபோல இருக்கட்டும். சப்பிலுள்ள க்ராஸ்ஓவர் (எந்த அதிர்வெண் வரை சப்புக்குப் போகலாம் என்ற எல்லை) குமிழை முழுதாகத் திறந்துவிட்டு, ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். 120-க்கு ஏற்றினால் குரலும் சப்புக்குப் போய், முதுகுக்குப் பின்னாலிருந்து வில்லன் பேசுவார்.

கதவோ பூஜை அறையோ மையத்தை மறித்தால் இந்தக் கணக்கு அப்படியே நடக்காது. அப்போது யூஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற கணினி மென்பொருளில் ஒவ்வொரு இருக்கையாக அளந்து, தாமதத்தைத் தனித்தனியாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி. போன் மைக்கை நம்பாதீர்கள், அடி அதிர்வெண்களில் அது பெரும்பாலும் குறைத்தே காட்டும். அளந்த பிறகு மேட்டை (அளவுக்கு மீறி ஒலிக்கும் அதிர்வெண்ணை)ச் செதுக்க, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் உதவும். பள்ளத்தை அதால் நிரப்ப முயன்றால் ஆம்ப்ளிஃபயர்தான் திணறும்.

முதல் இரண்டு நாள் "பேஸ் குறைஞ்சுபோச்சே" என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. குறைந்தது அந்த ஒற்றை 35 ஹெர்ட்ஸ் இரைச்சல். சப் அளவை 3 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள். தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும்.

பின்சுவருக்குப் பத்து மீட்டர் கேபிள் இழுத்ததும் எனக்கு "ம்ம்ம்" என்று ஹம் வந்தது. சப்புகளும் ரிசீவரும் வேறு வேறு பிளக்கில் இருந்ததால் ஏற்பட்ட எர்த் லூப் (எர்த் கம்பியும் கேபிளும் சேர்ந்து உருவாகும் வளையம்) அது. எல்லாவற்றுக்கும் ஒரே பாயிண்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்ததும் நின்றது. எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் எலக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்காதீர்கள், ஷாக் அடிக்கும்.

வாங்குவதானால் கையில் இருக்கும் அதே மாடலையே தேடுங்கள், பழையது கிடைத்தாலும் பரவாயில்லை. போர்ட் (காற்று போய்வரும் துளை) உள்ளதையும் மூடிய பெட்டியையும் ஜோடி சேர்த்தால் அடிமட்டத்தில் ஃபேஸ் ஒத்துப்போகாது. பத்து இன்ச்சில் இரண்டா, பதினைந்து இன்ச்சில் ஒன்றா என்று கேட்டால் நான் இரண்டு பத்து இன்ச் பக்கம்தான்.