குஜராத்தி வேண்டாம் என்றால் டாக்டரிடம் யார் பேசுவது?

கேள்வி: பதினாறு வருடமாக அகமதாபாத் மணிநகரில் இருக்கிறோம். மகள் சிபிஎஸ்இ பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்தோடு இன்னும் ஒரு மொழி எடுக்க வேண்டும். குஜராத்தியா சமஸ்கிருதமா என்று வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். சமஸ்கிருதத்தில் மார்க் அள்ளலாம் என்கிறார்கள். இவளோ குஜராத்திதான் என்று அடம்பிடிக்கிறாள். நாளைக்கே ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு அது எதற்கு? பேச நன்றாகவே வருகிறது. போன மாதம் கர்ப்பப்பைக் கட்டி என்று டாக்டர் சொன்னதைக்கூட அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். அவள் மனதை எப்படி மாற்றுவது?

பதில்: மாற்ற வேண்டாம். அவள் சரியாகத்தான் இருக்கிறாள்.

மார்க்கைப் பற்றி அத்தனை கவலைப்படும் நீங்கள், கட்டியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. டாக்டருக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். மாதவிடாய் பற்றியும் ரத்தப்போக்கு பற்றியும் டாக்டர் கேட்டதை உங்களிடம் கேட்டு, உங்கள் பதிலை அவரிடம் சொல்லியிருப்பாள். ‘கட்டி’ என்ற செய்தியை முதலில் தன் காதில் வாங்கி, தன் வாயால் உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். புரியாத இடத்தில் என்ன செய்தாள்? பயந்துபோய் எதையாவது சொல்லாமல் விட்டாளா? ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா? அவளுடைய அப்பா அன்றைக்கு எங்கே போனார்? பெற்றவர்கள் நோவைத் தாங்கப் பிள்ளைகளுக்கு ஒரு வயது வரும். இது அந்த வயது இல்லை.

இத்தனையும் செய்ய வைத்துவிட்டு, அதே மொழியை எதற்கு என்று கேட்கிறீர்கள்.

‘நாளைக்கே திரும்பிவிடுவோம்’ என்று வெளிமாநிலத்திலிருந்து எனக்கு வராத கடிதம் இல்லை. அந்த நாளை வருவதற்குள் பிள்ளைகளுக்கே கல்யாணம் ஆகிவிடுகிறது. சரி, நிச்சயம் திரும்புவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. அது பெற்றவர்கள் வீட்டில் செய்ய வேண்டிய வேலை. சமஸ்கிருத மார்க் அதற்கு ஈடாகாது.

பேச வந்தால் போதாதா என்பதற்கும் சொல்கிறேன். குஜராத்தியில் ‘இ’, ‘உ’ ஆகியவற்றின் குறிலும் நெடிலும் பேச்சில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். எழுதும்போதுதான் எது குறில், எது நெடில் என்று தெரிய வேண்டும். இப்படிப் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டுவதை அங்கே ஜோடணி என்பார்கள். ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்தத்தான் காந்தியின் முயற்சியில் குஜராத் வித்யாபீடம் 1929-ல் ஜோடணி அகராதி வெளியிட்டது. மேலும், ஆண்பால் பெண்பாலோடு மூன்றாவதாக ஒரு பாலும் உண்டு. தெருவில் விளையாடிக் கற்ற பிள்ளை தடுமாறுவது இங்கேதான். இதெல்லாம் தேறினால்தான் ஒரு மனுவைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும், பிழையில்லாமல் எழுத முடியும். பிற்காலத்தில் மாநில அரசு வேலைக்குப் போக நினைத்தால், குஜராத் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்வில் குஜராத்தித் தாளே இருக்கிறது.

அவளுக்கு ஒன்றும் மலை இல்லை. இந்தி படித்த கண்ணுக்கு, மேல்கோடு இல்லாத அந்த எழுத்துகளில் பாதிக்கு மேல் தெரிந்த முகம். தமிழ் பேசும் நாக்குக்கு ள, ண இரண்டும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பதில் எடுக்கும் மொழிதான் பத்திலும் தொடரும், அதனால் இப்போதே சரியாக முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளியிலும் குஜராத்தி கட்டாயம் என்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது. அந்தக் கட்டாயம் முடிகிற இடத்தில், யாரும் சொல்லாமலே ஒரு குழந்தை ‘நான் தொடர்ந்து படிக்கிறேன்’ என்கிறது. நம் வீடுகளில் இது எத்தனை பிள்ளைகளிடம் நடக்கிறது? நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட்டுக் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

படிவத்தில் குஜராத்தி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவளுடைய பழைய பாடப்புத்தகங்கள் பரணில் இருந்தால் இறக்குங்கள். ‘கக்கோ’ என்கிற குஜராத்தி அரிச்சுவடியிலிருந்து நீங்கள் ஆரம்பிக்க வேண்டும். சாயங்காலம் அரை மணி நேரம் அவளே சொல்லித் தருவாள். அப்புறம், கட்டிக்கு மறுபடி டாக்டரைப் பார்க்கும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கு உங்கள் கணவர் லீவு போட்டுவிட்டு உடன் வரட்டும். அவருக்கும் மொழி போதாது என்றால் விவரம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி யாரையாவது கூப்பிடுங்கள். மகள் பள்ளிக்கூடம் போகட்டும்.