வர்த்தகம் படித்தால் மென்பொருள் துறைக்குப் போகலாமா?

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை. மென்பொருள் பொறியியலாளராக வழி உண்டா? (வாசகி, ஹட்டன்)

பதில்: தாராளமாக. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.டி. (தகவல் தொழினுட்ப இளமாணி) பட்டத்துக்கு எந்தப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். மூன்று வருடம், முதல் வருடத்தோடு நின்றாலும் டிப்ளோமா கைவசம். ஆனால் பாடம், பரீட்சை எல்லாம் ஆங்கிலம். சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான், கணக்கில் அல்ல.

டியூஷனுக்குக் காசு கட்டுமுன் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழி பைத்தன் (நிரல் எழுதும் கணினி மொழி) பாடநெறியைச் செய்து பாருங்கள். வீடியோ பார்ப்பது படிப்பாகாது. நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வரித் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கூடினாலே 'இன்டென்டேஷன் எரர்' என்று நிரல் நின்றுவிடும். பதறாதீர்கள், பிழைச்செய்தியிலேயே வரி இலக்கம் இருக்கும். மடிகணினி வாங்குவதென்றால் 8 ஜிபி ரேமுக்குக் குறைய வேண்டாம்.