தங்கை கல்யாணமும் சர்வர் அறைச் சாவியும்

வணக்கம் அண்ணா,

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு ஜவுளி நிறுவனத்தில் ஏழு வருடமாக ஐடி வேலை பார்க்கிறேன். 52 கம்ப்யூட்டர், ஒரு சர்வர், மூன்று கட்டடம். இதற்கெல்லாம் ஆள் நான் ஒருவன். பெயர்தான் மேனேஜர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், கேமரா ஓடவில்லை என்றாலும் நான்தான், முதலாளி வீட்டு டிவியில் நெட் வரவில்லை என்றாலும் நான்தான். யூபிஎஸ் பேட்டரி மாற்ற வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘ஓடிக்கிட்டுத்தானே இருக்கு’ என்கிறார்கள். போன கோடை இடி மழையில் கம்ப்யூட்டர்களை இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் இரண்டு எரிந்துபோனது. அதற்கும் பதில் சொன்னது நான்தான். சம்பள உயர்வு கேட்டால், ‘இந்த வருஷம் பெருசா ஒரு பிரச்சினையும் வரலியேப்பா’ என்கிறார் முதலாளி. பிரச்சினை வராமல் இருக்கத்தானே அண்ணா வருடம் முழுக்க வேலை பார்த்தேன்?

அடுத்த மாதம் 19ஆம் தேதி தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. பந்தக்கால் நடுவதிலிருந்து பந்தி பார்ப்பது வரை நான்தான். நான்கு நாள் லீவு கேட்டேன். ‘தாராளமா போயிட்டு வா, போனை மட்டும் ஆன்ல வை’ என்று சொல்லிவிட்டார். இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றுகிறது. நீங்களும் இந்த வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

தங்கைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்பதைக் கல்யாணம் முடிந்து, பந்தல்காரர் கணக்கெல்லாம் தீர்த்த பிறகு யோசிக்கலாம். இவ்வளவு அலுத்துப் போயிருக்கும்போது அந்த முடிவு வேண்டாம். இப்போது கையில் நான்கு வாரம் இருக்கிறது. லீவு நாளில் உங்கள் போன் அடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முழுநேரமும் எழுத வருவதற்கு முன் பதினோரு வருடம் நானும் இதே வேலையில் இருந்தேன். ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் அலுவலகம். முப்பது கம்ப்யூட்டர், ஆள் நான் ஒருவன். கிழங்கு மாவு நைசாக அறை முழுக்கப் பறக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு சிபியுவையும் திறந்து ப்ளோயர் வைத்து ஊதாவிட்டால், ஃபேனில் மாவு அப்பிக்கொண்டு சூடேறி அணைந்துவிடும். உங்கள் இடத்தில் மாவுக்குப் பதில் பஞ்சு இருக்கும்.

ஒரு மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினேன். வெகு நாளைக்குப் பிறகு எடுத்த லீவு. அடிவாரம் தாண்டி ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது போன் வந்தது. கணக்குப் பிரிவு அக்கா. “தம்பி, யாருக்குமே பில் போட வரமாட்டேங்குது. லாரி லோடு ஏத்தி நிக்குது. ஈ-வே பில் இல்லாம டிரைவர் வண்டிய எடுக்க மாட்டேங்கறாரு.” அது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு. வெளிமாநிலம் போகிற, 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு அது இல்லாமல் ரோட்டில் போக முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

மலைப்பாதையில் மொத்தம் 20 வளைவு. ஒரு வளைவில் சிக்னல் வரும், அடுத்ததில் போகும். விட்டு விட்டுப் பேசியே அக்காவை அந்தக் கறுப்புத் திரையைத் திறக்க வைத்து, நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி எண்ணைக் காட்டும் ஒரு வார்த்தையை எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தேன். “192.168க்கு அப்புறம் என்ன நம்பர் இருக்குங்க அக்கா?” “பூஜ்யம். புள்ளி. பதினாலு.” எங்கள் அலுவலகத்தில் பூஜ்யம் இருக்கும் இடத்தில் பத்து இருக்க வேண்டும். கேட்டதுமே புரிந்துவிட்டது. யாரோ வீட்டு உபயோகத்துக்கான வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கிவந்து எங்கள் நெட்வொர்க்கில் செருகிவிட்டார்கள். அதுபாட்டுக்குக் கேட்ட கம்ப்யூட்டருக்கெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஒரு முகவரியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காலையில் ஆன் செய்த கம்ப்யூட்டரில் பாதி அதனிடம் முகவரி வாங்கிக்கொண்டு, சர்வர் எங்கே என்று தெரியாமல் நிற்கின்றன.

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. “ரெண்டு கொம்பு வச்ச கறுப்புப் பெட்டி ஏதாவது புதுசா இருக்குதுங்களா அக்கா?” “இங்க எல்லாப் பெட்டியும் கறுப்புத்தான் தம்பி. எதுலயும் பேரு எழுதலியே.”

எழுதி ஒட்டாதது நான். எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்தப் பெட்டி எதற்கு என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. ஏரிக்கரையில் நின்றுகொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் மேலாளர் அறை அலமாரிக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்து அக்கா கேபிளைப் பிடுங்கினார். தன் அறையில் சிக்னல் சரியாக வரவில்லை என்று முதல் நாள் சாயந்திரம் மேலாளரே வாங்கி வைத்திருக்கிறார். படகிலிருந்து இறங்கி வந்த என் மகளுக்கு அப்போது ஏழு வயது. “நடுவுல இருந்து கை காட்டினேன், நீ பாக்கவே இல்லப்பா” என்றாள்.

அன்று ராத்திரி எனக்குள் பெருமையும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மலை மேல் இருந்தே சரி செய்துவிட்டேனே, நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் ஓடாது என்கிற நினைப்பு. உங்கள் கடிதத்திலும் வரிக்கு வரி ‘நான்தான்’ வருகிறது தம்பி. அதில் வருத்தம்தான் அதிகம், ஆனால் அந்தப் பெருமையும் கொஞ்சம் எனக்குக் கேட்கிறது. எல்லாம் நம் தலைக்குள் இருக்கிறவரை நம்மை அனுப்ப மாட்டார்கள் என்று இந்த வேலையில் இருக்கிற பலரும் நம்புகிறோம். அப்படி வைத்துக்கொண்டதால் சம்பளம் கூடிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. லீவு போடப் பயந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, இன்றைக்கே ஒரு லாங்சைஸ் நோட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் அடித்து வைக்க வேண்டாம், சர்வர் போன நேரத்தில் அதைத் திறக்க முடியாது. உங்களைப் போன்ற ஐடி ஆள் படிப்பதற்காக எழுதாதீர்கள். உங்கள் அலுவலகத்திலும் ஒரு கணக்கு அக்காவோ, ஸ்டோர் கீப்பர் அண்ணனோ இருப்பார். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உங்களைக் கூப்பிடாமல் தானே எடுத்துவிடுகிறவர். அவர் படித்தால் புரிய வேண்டும். நெட் போனால் எந்தப் பெட்டியில் எந்த விளக்கைப் பார்ப்பது, யாருக்கு போன் செய்வது, என்ன கஸ்டமர் நம்பர் சொல்வது. கரண்ட் போனால் எதை முதலில் அணைப்பது, வந்தால் எதை முதலில் போடுவது. ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். கேபிளில் இரண்டு முனையிலும் ஒட்டுங்கள், ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் பிரயோஜனம் இல்லை. பாஸ்வேர்டுகளை மட்டும் நோட்டில் எழுதாமல் தனிக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு முதலாளி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். யாராவது திறந்தால் திரும்பி வந்ததும் மாற்றிவிடலாம்.

எழுதி முடித்ததும் அந்த அக்காவையோ அண்ணனையோ உட்கார வைத்து, நோட்டைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மவுஸ் பக்கம் கை போகவே கூடாது. அவர் எந்த வரியில் திணறுகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள். நான் இதைச் செய்தபோது முதல் பக்கத்தையே மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது.

19ஆம் தேதி என்று படித்ததும் எனக்கு 20தான் ஞாபகம் வந்தது. மாதம் மாதம் கணக்குத் தாக்கல் செய்கிற நிறுவனம் என்றால் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற ஜிஎஸ்டி வரிக் கணக்குக்கு அதுதான் கடைசி நாள். கல்யாணத்துக்கு மறுநாள் உங்கள் கணக்குப் பிரிவு முழுக்க அந்த வேலையில் மூழ்கியிருக்கும். 16ஆம் தேதிக்குள் முடிக்க முடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள். விற்பனை விவரம் கொடுக்கிற ஜிஎஸ்டிஆர்-1ஐ 11ஆம் தேதி முடித்த கையோடு இதையும் ஆரம்பித்தால் முடியும். கல்யாணத்துக்கு முன் பத்து நாள் எந்தப் புது மென்பொருளும் ஏற்றாதீர்கள், எந்த ஒயரையும் இடம் மாற்றாதீர்கள். யார் அவசரம் என்று வந்தாலும் ‘தங்கச்சி கல்யாணம் முடியட்டுங்க’ என்று சொல்லுங்கள். நம் ஊரில் அதை மீறி யாரும் கேட்க மாட்டார்கள்.

பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன், நிச்சயம் எடுப்பீர்கள். நானும் எடுத்தேன். தினமும் ராத்திரி ‘வெற்றி’ என்று செய்தி வரும். இடம் போதவில்லை என்று டேலி கணக்கு மென்பொருளின் டேட்டாவை டி டிரைவிலிருந்து ஈ டிரைவுக்கு மாற்றினேன், பேக்கப்பில் மாற்ற மறந்துவிட்டேன். அது ஐந்து மாதம் பழைய ஃபோல்டரையே ஒழுங்காக நகல் எடுத்து, ஒழுங்காக ‘வெற்றி’ சொல்லிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் போன அன்றுதான் தெரிந்தது. பில் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கி, ஆறு பேர் ஒன்பது நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அதனால் சொல்கிறேன், லீவுக்கு முன்னால் ஒரு நாள் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். நேற்றைய இருப்பு சரிதானா என்று கணக்குப் பிரிவு பார்த்துச் சொல்ல வேண்டும், நீங்கள் பார்த்தால் போதாது. ஒரு நகல் எந்தக் கம்ப்யூட்டரோடும் இணைக்காமல் தனியே கழற்றி வைத்ததாக இருக்கட்டும்.

‘ஓடிக்கிட்டுத்தானே இருக்கு’ என்கிறவர்களுக்கு வான்னாக்ரை என்கிற கம்ப்யூட்டர் வைரஸின் கதையைச் சொல்லுங்கள். 2017 மே 12ஆம் தேதி உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களும் நடுவில் இரண்டு மாதம் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. உங்கள் 52இல் விண்டோஸ் 10 எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அதற்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

பேட்டரி விஷயத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த விதத்தை மாற்றலாம். ‘பேட்டரி பழசு’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். சனிக்கிழமை சாயந்திரம் எல்லாரும் கிளம்பிய பிறகு, பேக்கப் முடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மெயினை அணைத்து யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முன்னதாகவே சர்வரை ஒழுங்காக அணைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘அணைக்க ஏழு நிமிடம் வேண்டும், பேட்டரி நான்கு நிமிடம்தான் தாங்குகிறது’ என்று இரண்டு எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்கள். வியாபாரம் செய்கிறவருக்கு எண் புரியும். எங்கள் ஆலையில் இரண்டு வருடமாக வராத பேட்டரி அப்படி எழுதிக் கொடுத்த அதே வாரத்தில் வந்தது.

இடி மழையில் ஸ்விட்ச் போனதற்கு நீங்கள் குற்றவாளி இல்லை. சேர்வராயன் மலை மேல் கறுத்துக்கொண்டு வந்தாலே எனக்கு இன்னமும் வயிறு கலங்கும். மூன்று கட்டடம் என்கிறீர்கள், நடுவில் சாதாரண லேன் கேபிளை மொட்டை மாடி வழியாக இழுத்திருப்பார்கள். அது செம்பு. பக்கத்தில் எங்கே மின்னல் இறங்கினாலும் அந்த ஒயரில் மின்சாரம் தூண்டப்பட்டு இரண்டு முனையில் இருக்கிற ஸ்விட்சையும் எரித்துவிடலாம். அங்கே மட்டும் ஃபைபர் போடச் சொல்லுங்கள், உள்ளே உலோகக் கம்பி இல்லாத ரகமாக. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

முதலாளி வீட்டு டிவிக்குப் போய் வாருங்கள், ஆனால் போன நேரத்தையும் எழுதி வையுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சம்பளப் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் முதலாளி பொய் சொல்லவில்லை, அவர் கண்ணில் ஒன்றுமே படவில்லை. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரௌட்ஸ்ட்ரைக் என்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் ஏராளமான கம்ப்யூட்டர்களை யாரோ ஒருவர் நேரில் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, ஒரு ஃபைலை அழித்துத்தான் எழுப்பினார். செய்திகளில் எல்லாம் நீலத் திரைதான் வந்தது. அதன் முன் விடிய விடிய உட்கார்ந்திருந்த உங்களைப் போன்றவர்களை எனக்குத் தெரிந்து ஒருவரும் படம் எடுக்கவில்லை. அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதனால் மாதம் பிறந்ததும் அரைப் பக்கம் எழுதி முதலாளி மேசையில் வையுங்கள். போன மாதம் எத்தனை பேர் கூப்பிட்டார்கள், எதை முன்கூட்டியே மாற்றினீர்கள், மாற்றாமல் விட்டிருந்தால் எந்த வேலை நின்றிருக்கும். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார். கூடவே இன்னோர் ஆள் வேண்டும் என்று ஒரு வரி, ஒவ்வொரு மாதமும். காரணம் கேட்டால், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவைச் சொல்லுங்கள். சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஒரே ஆளை வைத்துக்கொண்டு, அந்த ஆள் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் அதை எப்படிச் செய்வது என்று மரியாதையாகவே கேட்கலாம்.

17ஆம் தேதி சாயந்திரம் கிளம்பும்போது சர்வர் அறைச் சாவியை, நோட்டைப் பார்த்துப் பழகிய அந்த அக்காவிடமோ அண்ணனிடமோ எல்லாரும் பார்க்கக் கொடுங்கள். போனை ஆனில் வைக்கச் சொன்னார் அல்லவா, வையுங்கள். ஆனால் அது உங்கள் சித்தப்பா பையன் யாரிடமாவது இருக்கட்டும். நோட்டில் பார்த்தும் முடியவில்லை என்றால் மட்டும் உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கல்யாணம் முடிந்து வந்ததும் அலுவலகத்தில் அந்த நான்கு நாளில் எந்தெந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்